சீட்டு கிடைக்காதவர் சுயேச்சையாக நிற்கிறார். கட்சிக்காரர்கள் அவர் பின்னால் போகலாமா?

இருபத்திரண்டு வருடமாகக் கட்சியில் இருக்கிறீர்கள். சுவர் பிடிப்பதிலிருந்து பூத் கமிட்டி வரை பார்க்காத வேலை இல்லை. இந்த முறை சீட்டு, வேறு கட்சியிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒருவருக்குப் போகிறது என்கிறீர்கள். உங்கள் முன்னாள் ஒன்றியச் செயலாளர் சுயேச்சையாக நிற்கப்போகிறார். கிளையில் பதினோரு பேர் அவருக்கு வேலை செய்யலாமா என்று யோசிக்கிறீர்கள். சுயேச்சைக்குப் போடும் ஓட்டு வீணா, ஜெயித்தபின் அவர் தாவிவிட்டால் என்ன செய்வது, எங்களைக் கட்சியைவிட்டு நீக்குவார்களா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "அப்பா இருந்திருந்தால் இதை யோசிக்கவே விட்டிருக்க மாட்டார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற மூன்று கேள்வியும் அந்த வரியிலிருந்து வந்தவை என்றே எனக்குப் படுகிறது. கட்சிக்குத் துரோகம் செய்கிறோமா என்று கேட்கிறீர்கள். அதை நேராகக் கேட்க மனம் வராமல் ஓட்டுக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்துத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராகப் பல தேர்தல்களில் வேட்புமனு வாங்கும் மேசையிலும் வாக்கு எண்ணும் மண்டபத்திலும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. அதனால் சட்டமும் நடைமுறையும் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தொகுதியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை என்னைவிட உங்கள் டீக்கடைக்காரர் நன்றாகச் சொல்வார். எந்தக் கட்சி என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், பதில் எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான்.

முதலில் மனுத் தாக்கலைச் சொல்கிறேன், அதிருப்தி வேட்பாளர்கள் முதலில் இடறி விழுவது அங்கேதான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. ஒரு தேர்தலில் கடைசி நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு ஒருவர் மனுவோடு வந்தார். முப்பது வருடம் கரை வேட்டி கட்டிய மனிதர், அன்று வெறும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். முதல் நாள் இரவு வரை "பி படிவம் வந்துவிடும்" என்று, அதாவது இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் கடிதம் வரும் என்று, நம்பிக் காத்திருந்திருக்கிறார். வராது என்று தெரிந்ததும் காலையில் ஓடி ஓடிப் பத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு செட் மனு. மறுநாள் பரிசீலனையில் ஏழாவது கையெழுத்தைப் பட்டியலில் தேடினோம். அவர் வீடு மாறிப்போனதில் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலுக்குப் போயிருந்தது. ஒன்பது பேர்தான் செல்லும் என்பதால் மனு தள்ளுபடி ஆனது. வெளியே நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மனிதர் எதுவும் பேசவில்லை. மேசையில் இருந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். ஜெயிக்கக்கூடியவரா தோற்கக்கூடியவரா என்று பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

அடுத்தது சின்னம். கட்சிச் சின்னம் ஒவ்வொரு வீட்டுக் கிழவிக்கும் தெரியும். சுயேச்சை, பொதுச் சின்னப் பட்டியலிலிருந்து மூன்றை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். வாபஸ் வாங்கும் நேரம் முடிந்தபிறகுதான் ஒதுக்குவோம். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் குறைந்தது பதினான்கு நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்துக்குள் தொகுதி முழுக்க ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயர் வரிசையும் அப்படித்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். 2024-இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். அகர வரிசைப்படி அவர்கள் பெயரும் பக்கத்திலேயே வரும். 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளர் புகைப்படம் ஒட்டுவது இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

சின்னம் என்றதும் உங்கள் அப்பா காலத்துச் செய்தி ஒன்று ஞாபகம் வருகிறது. 1957 பொதுத் தேர்தலில் தி.மு.க. முதன்முதலாக நின்றபோது அது அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை. அண்ணா காஞ்சிபுரத்திலும் கருணாநிதி குளித்தலையிலும் வென்றது தேர்தல் பதிவேட்டின்படி சுயேச்சைகளாகத்தான். உதயசூரியன் கட்சியின் நிரந்தரச் சின்னம் ஆனது அதற்குப் பிறகு. இரட்டை இலையும் அப்படியே, 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் பொதுச் சின்னங்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. இரண்டு பெரிய சின்னமும் புறப்பட்ட இடம் ஒன்றுதான். ஆனால் இதை வைத்து உங்கள் வேட்பாளரும் அப்படி ஆகிவிடுவார் என்று எண்ண வேண்டாம். அன்று அவர்களுக்குப் பின்னால் ஊர் ஊருக்கு ஆள் இருந்தது, அங்கீகாரம் மட்டும்தான் இல்லை. உங்களவரிடம் பார்க்க வேண்டியதும் அந்த ஆள்பலத்தைத்தான்.

ஆள்பலம் என்று நான் சொல்வது கூட்டத்துக்கு வருபவர்களைப் பற்றி இல்லை. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். அதிகாலை ஐந்தரைக்குச் சாவடியில் உட்கார உங்களவருக்கு ஆள் இருக்கிறதா? முகவர்கள் உட்காரும் வரிசையில்கூட சுயேச்சையின் முகவருக்குக் கடைசி நாற்காலிதான். பரவாயில்லை, அந்தக் கடைசி நாற்காலியில் ஒருவர் மாலை வரை எழுந்திருக்காமல் இருந்தால் போதும். வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற கணக்கு 17சி படிவத்தில் எழுதி முகவருக்கு நகல் தருவார்கள். அதைக் கையில் வைத்திருப்பவர்தான் எண்ணிக்கை அன்று இயந்திரம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சட்டமன்றத் தொகுதி ஒன்றில் ஏறத்தாழ முந்நூறு வாக்குச்சாவடிகள் இருக்கும். பதிவாகும் செல்லத்தக்க ஓட்டு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்க ஆறில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 33,333-ஐத் தாண்ட வேண்டும். மும்முனைப் போட்டியில் ஜெயிக்க எழுபது, எண்பதாயிரம் வேண்டியிருக்கும். ஒரு சாவடிக்கு ஏறக்குறைய 250. உங்கள் பதினோரு பேரால் ஒரு சாவடியை, பக்கத்தில் உறவுக்காரர்கள் இருந்தால் இரண்டைப் பார்த்துக்கொள்ள முடியும். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு யார்? எண்ணும் மண்டபத்தில் நான் மறுபடி மறுபடி பார்த்தது இதுதான்: அதிருப்தி வேட்பாளருக்குச் சொந்த ஒன்றியத்துச் சாவடிகளில் முதல் இடம் வரும், நாலு மேசை தள்ளி அடுத்த ஒன்றியத்துப் பெட்டிகள் வரும்போது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும்.

செலவு விஷயத்திலும் தராசு சாய்ந்துதான் இருக்கிறது. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் வந்துபோகும் பயணச் செலவு கட்சி வேட்பாளர் கணக்கில் ஏறாது. சுயேச்சைக்கு அந்த வசதி கிடையாது. வாக்காளர் பட்டியல் நகலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்களுக்குத்தான் இலவசம். முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். தோற்ற வருத்தத்தில் அதை மறந்து, மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தகுதி இழந்த சுயேச்சைகள் உண்டு.

இத்தனையும் தாண்டி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 89,013 ஓட்டு வாங்கினார். இரட்டை இலையில் நின்ற மதுசூதனனுக்கு 48,306. தி.மு.க. டெபாசிட் இழந்தது. ஏப்ரலில் நடக்கவிருந்து பணப்பட்டுவாடாப் புகாரில் ரத்தான தேர்தலுக்கு அவர் தொப்பிச் சின்னத்தில் பிரசாரம் செய்திருந்தார், டிசம்பரில் தொப்பி கிடைக்காமல் குக்கரை எடுத்துக்கொண்டு இரண்டே வாரத்தில் வீடு வீடாகச் சேர்த்தார். இந்த ஒரு உதாரணத்தைக் காட்டித்தான் எல்லா அதிருப்தி வேட்பாளரும் தொண்டர்களிடம் பேசுவார்கள். அங்கே நடந்தது ஒரே ஒரு தொகுதிக்கான இடைத்தேர்தல், மாநிலம் முழுக்க இருந்த ஆட்களை ஒரு தொகுதிக்குள் கொண்டுவந்து இறக்க முடிந்தது. ஆட்சி மாறுமா என்ற கேள்வியும் அந்த ஓட்டில் இல்லை. பொதுத் தேர்தலில் அந்த வசதி கிடையாது. 2011, 2016, 2021 மூன்று பொதுத் தேர்தலிலும் தமிழகச் சட்டமன்றத்துக்கு ஒரு சுயேச்சைகூட வரவில்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2021 பெருந்துறை. முன்னாள் அமைச்சரும் அப்போதைய எம்.எல்.ஏ.வுமான தோப்பு வெங்கடாசலத்துக்கு அ.தி.மு.க. சீட்டுத் தரவில்லை. சுயேச்சையாக நின்றார். தோற்றார். தொகுதியை அ.தி.மு.க.வே தக்கவைத்தது. அதே வருடம் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். அவருக்காகக் கட்சியை எதிர்த்து வேலை செய்த கிளைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். தலைவருக்குப் போக ஒரு இடம் கிடைத்தது. அவர்கள் நாற்பது வருடம் எந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்களோ அதே கட்சிக்குப் போவதா, யாரும் கூப்பிடாத பழைய கட்சி அலுவலக வாசலில் நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். மறுபக்கமும் உண்டு. 2006-இல் தளியில் சுயேச்சையாக வென்ற டி.ராமச்சந்திரன், 2011-இலும் 2021-இலும் அதே தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகவே ஜெயித்தார். சுயேச்சையாக ஒருமுறை நின்றதால் கட்சி அரசியல் முடிந்துவிடுவதில்லை. ஆனால் ஜெயித்துக் காட்டியவருக்குக் கதவு திறப்பதும், தோற்றவருக்குத் திறப்பதும் ஒரே மாதிரி இருக்காது.

தாவிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது, பலரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக ஜெயித்தவர் தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். உங்கள் பழைய கட்சியில் திரும்பச் சேர்ந்தாலும் அப்படித்தான். ஆனால் சேராமல் வெளியிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் ஆதரவு தரலாம், அமைச்சராகவும் ஆகலாம். சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு எதுவும் அவரைக் கட்டாது. ஜார்க்கண்டில் மது கோடாவுக்கு 2005-இல் பா.ஜ.க. சீட்டுத் தரவில்லை. சுயேச்சையாக ஜகன்னாத்பூரில் நின்று ஜெயித்தார். முதலில் பா.ஜ.க. ஆட்சிக்கு ஆதரவு கொடுத்தார், அடுத்த ஆண்டு அதை விலக்கிக்கொண்டு எதிரணியின் ஆதரவோடு முதலமைச்சரே ஆனார். நம்ம ஆள் என்று பரிதாபப்பட்டு ஓட்டுப் போட்ட பா.ஜ.க. தொண்டருக்குக் கிடைத்தது பா.ஜ.க. இல்லாத ஆட்சி. ஆகவே "நான் ஜெயித்தால் மறுநாளே தாய்க் கழகத்தில் இணைவேன்" என்று உங்களவர் மேடையில் சொன்னால், அது அவரால் சட்டப்படி செய்ய முடியாத வாக்குறுதி என்று தெரிந்துகொள்ளுங்கள். யாருக்கு ஆதரவு தருவார், எதற்குத் தரமாட்டார் என்று கேளுங்கள். அதை இப்போதே, பத்துப் பேர் நடுவில் சொல்ல வையுங்கள்.

நீக்குவார்களா என்பதற்கு: நீக்குவார்கள் என்று எண்ணிக்கொண்டே முடிவெடுங்கள். அது கட்சி விதி, நீதிமன்றம் போய் மாற்றக்கூடிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை உங்கள் கிளையில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஓட்டு ரகசியம். நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது மாவட்டச் செயலாளருக்கும் தெரியாது, கலெக்டருக்கும் தெரியாது. முன்மொழிந்து போடும் கையெழுத்து ரகசியமில்லை, முன்மொழிந்தவர் பெயர் அறிவிப்புப் பலகையில் வந்துவிடும். முகவராக உட்காருவது ஊரறிய உட்காருவது. பதினோரு பேரில் யாருக்காவது கட்சி மூலம் கிடைத்த கூட்டுறவுச் சங்கப் பொறுப்போ ஒப்பந்த வேலையோ இருந்தால், அவரைக் கையெழுத்துக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஓட்டு மட்டும் போடுகிறேன் என்பவரைக் கோழை என்று சொல்லவும் வேண்டாம். தேர்தல் முடிந்து எல்லோரும் அதே தெருவில்தான் இருக்கப்போகிறீர்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வது என் எண்ணம்தான். தோற்றாலும் கட்சிக்குப் பாடமாக இருக்கும் என்று உங்களில் சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கட்சி அந்தப் பாடத்தை நீங்கள் நினைக்கும் விதத்தில் படிக்கும் என்று சொல்ல முடியாது. சுயேச்சை பன்னிரண்டாயிரம் வாங்கி, கட்சி எட்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றால், "உள்ளூர்க்காரருக்குச் சீட்டு கொடுத்திருக்க வேண்டும்" என்று ஒரு தலைமை நினைக்கும். இன்னொரு தலைமை "துரோகிகளைக் களையெடுக்க வேண்டும்" என்று நினைக்கும். ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் 3,42,882 வாங்கி இரண்டாமிடம் வந்தார். அ.தி.மு.க. ஒரு லட்சத்துக்கும் கீழே போய் டெபாசிட் இழந்தது. அவ்வளவு பெரிய அடிக்குப் பிறகும் அவரைக் கட்சி திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய பெயருக்கே அப்படி என்றால், பன்னிரண்டாயிரம் ஓட்டு உங்கள் மாவட்டத்தில் எதை மாற்றும் என்று நானாக இருந்தால் கணக்குப் போட மாட்டேன்.

அதனால் உங்கள் பதினோரு பேரும் உட்கார்ந்து ஒன்றை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கட்சி வேட்பாளர் தோற்க வேண்டும் என்பதா உங்கள் ஆசை, அல்லது இந்த மனிதர் எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்பதா? முதலாவது என்றால் அதற்கு நீங்கள் கையெழுத்துப் போடவோ முகவராக உட்காரவோ தேவையில்லை, வேலை செய்யாமல் வீட்டில் இருந்தாலே கட்சிக்குப் புரியும். இரண்டாவது என்றால், கட்சிச் சின்னம் இல்லாமல் உங்கள் ஊர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது புதிதில்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு, சாவிக்கு ஓட்டுக் கேட்டுத் தலைவரை ஜெயிக்க வைத்த அனுபவம் உங்கள் கிளையில் ஒருவருக்காவது இருக்கும். அந்த வேலையை முந்நூறு சாவடியில் செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் முன்னாள் ஒன்றியச் செயலாளரிடம் போய்ச் சாவடிவாரியாக இரண்டு பெயர், கைப்பேசி எண்ணோடு எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருநூறு சாவடிக்காவது எழுதி வைத்திருந்தால் அவர் தேர்தலில் நிற்கிறார், கூடப் போவதில் அர்த்தம் உண்டு. மண்டபமும் மாலையும் மட்டும் தயாராக இருந்தால் பேரம் பேசத் தயாராகிறார், வாபஸ் கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

துரோகமா என்பதைச் சொல்ல நான் உரியவன் இல்லை, உங்கள் அப்பாவை நான் அறிந்ததில்லை. மனு மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கட்சியை விட்டு வந்து கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கோபத்தோடு வந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை, துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். உங்கள் கடைசி வரியிலும் அதைத்தான் பார்த்தேன்.

கையெழுத்துப் போடுவது என்று முடிவானால், பத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு வேட்பாளர் நான்கு செட் மனு வரை கொடுக்கலாம். இரண்டு செட்டாவது, வெவ்வேறு பத்துப் பேரை வைத்துக் கொடுங்கள். பதினோரு பேரும் புதிய பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். துணைப் பட்டியலையும் பாருங்கள், நீக்கிய பெயர்கள் அதில்தான் இருக்கும். கடைசி நாள் மதியம் வரை வைத்துக்கொள்ளாமல், முதல் நாளோ இரண்டாம் நாளோ காலை பதினொரு மணிக்கே போய்விடுங்கள்.